நலம் விசாரிக்க வந்த கற்கண்டு

குல்போஷாவின் இடதுகால் கட்டைவிரலில் புண் வந்த செய்தி அவளுக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு கல்யாண வீட்டில், புதிதாக வாங்கிய சிவப்புத் தோல் ஷூவைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் பாடி, ஆடி, கூட்டத்தையும் ஆட வைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். சுற்றியிருந்த பெண்கள் அலறினார்கள். காலுறை முழுக்க ரத்தம்.

"வலிக்கலையா அக்கா?"

"எது?" என்றாள் குல்போஷா.

அது நடிப்பில்லை. நிஜமாகவே அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததைத் தன் வீரம் என்று எடுத்துக்கொண்டு, வண்டியில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அதையும் ஒரு பாட்டாகக் கட்டிப் பாடினாள். அது சர்க்கரை நோயின் கைவரிசை என்று பாட்டில் வரவில்லை.

கன்காவுக்கும் ஷாவாத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் குல்போஷாவைத் தெரியாதவர் இருந்தால், அவர் போன வாரம் குடிவந்தவராக இருக்க வேண்டும். அவள் ஹல்ஃபா. கல்யாண வீட்டில் பெண்கள் கூட்டத்தின் நடுவில் நின்று பாடுவது, பாட்டை அங்கேயே கட்டுவது, மாப்பிள்ளையின் அத்தையைக் கிண்டல் செய்வது, மணப்பெண் கிளம்பும்போது கல்நெஞ்சுக்காரியையும் அழ வைப்பது, எல்லாம் ஹல்ஃபாவின் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் இருபத்தெட்டு வருஷம் அவள் அதைச் செய்துவிட்டாள். அவளுக்கு அக்கார்டியன் வாசிப்பவள் ஜுமாகுல். இரண்டு பேரும் இருபத்தெட்டு வருஷமாக ஒரே வண்டியில் சண்டை போட்டுக்கொண்டே போய், சண்டை போட்டுக்கொண்டே வருகிறவர்கள். அந்தச் சண்டை போதாது என்று, ஜுமாகுலின் மகள் பர்னோவுக்கும் குல்போஷாவின் கடைக்குட்டி ஹம்தாமுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்டோபர் கடைசி, பருத்தி எடுத்து முடிந்த கையோடு.

அந்தக் கல்யாணத்தில் குல்போஷா லஸ்கி நடனம் ஆடியாக வேண்டும். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவளே முடிவு செய்திருந்தாள். ஹம்தாம் தொட்டிலில் கிடந்தபோது அவனுக்கு வாக்குக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வாள். "முந்நூறு வீட்டுப் புள்ளைங்களுக்கு ஆடியிருக்கேன். என் புள்ளைக்கு மட்டும் நாற்காலியில உக்காந்து கை தட்டணுமா?" என்று கேட்பாள். கேள்வியில் நியாயம் இருந்தது.

அந்த விரல்தான் இப்போது புண்ணாகி, வீங்கி, செப்டம்பர் முதல் வாரத்தில் வாடையும் அடிக்கத் தொடங்கியது.

செய்தி பரவியதும் ஊர் திரண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. இரண்டு ரொட்டி, ஒரு கட்டி கற்கண்டு. பொடிக் கற்கண்டு இல்லை. நூலில் விளைய வைத்த, தேன் நிறத்தில் கைமுட்டி அளவுக் கட்டி. துணியில் முடிந்து கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் மட்டும் போதாது. வந்தவரின் கண்ணெதிரே வீட்டுக்காரர் அதை உடைத்து, பச்சைத் தேநீரில் போட்டு, நோயாளி குடித்துக் காட்ட வேண்டும். அப்படியே எடுத்து அலமாரியில் வைத்தால், உன் நல்ல மனசு எனக்கு வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி. கற்கண்டு சூடு. சளிக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது, பிள்ளை பெற்றவளுக்கு நல்லது, புண்ணை உள்ளேயிருந்து ஆற்றும். இதில் யாருக்கும் இதுவரை சந்தேகம் வந்ததில்லை.

குல்போஷாவுக்கு வேண்டியவர்கள் கொஞ்சமா நஞ்சமா? ஒரு நாளைக்கு எட்டு பேர், பத்து பேர் வந்தார்கள். முற்றத்து மரக்கட்டிலில் அவள் காலை நீட்டி மகாராணியாகச் சாய்ந்திருக்க, அவள் கணவர் மத்யாக்கூப் பக்கத்தில் சின்னச் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவர். மனைவி மேல் இருக்கிற அன்பையெல்லாம் அந்தச் சுத்தியலில்தான் காட்டினார். உடைத்த துண்டுகளில் பெரியதாகப் பார்த்து அவள் கிண்ணத்தில் போட்டார்.

"சர்க்கரையை நான் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு," என்று குல்போஷா பத்தாவது கிண்ணத்தை உறிஞ்சிக்கொண்டே வந்தவர்களிடம் பெருமையடிப்பாள். அதில் பொய் எள்ளளவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் நோய் என்று சொன்ன நாளிலிருந்து சர்க்கரை, மிட்டாய், ஜாம் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். எங்கள் ஊரில் பிறந்தவள் முலாம்பழத்தை விடுவது எவ்வளவு பெரிய காரியம்! அதையும் விட்டாள். ஆனால் கற்கண்டு எப்படிச் சர்க்கரையாகும்? சர்க்கரை கடைச்சரக்கு. கற்கண்டு மருந்து.

ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸதோகத் இருந்தாள். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், கறாரானவள். ஆனால் குல்போஷாவைப் பார்த்தால் மட்டும் அந்தக் கறார் கொஞ்சம் தளரும். அவள் கல்யாணத்தில் பாடியவள் குல்போஷாதான். மாப்பிள்ளையின் காதுகளைப் பற்றி அன்றைக்குக் கட்டிய பாட்டை ஊர் இன்னும் மறக்கவில்லை.

"பதினேழு," என்றாள் ஸதோகத், சர்க்கரை அளக்கிற கருவியைப் பார்த்துவிட்டு. "அக்கா, ஏழு எட்டுல நிக்க வேண்டியது. என்னதான் சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சர்க்கரை கிடையாது. மிட்டாய் பக்கம் திரும்பறதே இல்ல. இந்த வருஷம் வாசல்ல முலாம்பழம் மலையா கெடந்துச்சு. மோந்து பாத்துட்டு வச்சுட்டேன். வேணும்னா இவரைக் கேளு."

மத்யாக்கூப் தலையை ஆட்டினார். சத்தியம் கேட்டிருந்தால் அதையும் செய்திருப்பார்.

ஸதோகத் காலைக் கையில் எடுத்து, வீக்கத்தை அமுக்கிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தில், விரல் பாதத்தோடு சேருகிற கணுவுக்குக் கொஞ்சம் முன்னால், தோலின் மேல் ஒரு கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டை நல்லாப் பாத்துக்குங்க. இன்சுலின் போடுவோம், மருந்து தர்றேன், காலைத் தரையில ஊனக் கூடாது. அப்படியும் சிவப்பு இந்தக் கணுவைத் தாண்டி ஏறிச்சுன்னா, ஊர்கெஞ்ச் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அவங்க விரலை எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டு?"

"நடக்கலாம் அக்கா. ஆட முடியாது."

மத்யாக்கூப் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். குல்போஷா கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஒரு சின்னப் புண்ணும்மா. சின்ன வயசுல கோடாலி பட்டே எட்டு நாள்ல ஆறிச்சு எனக்கு. இது ஏன் ஆறல?"

ஸதோகத் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே மைக்ராஸ்கோப்பில் குல்போஷாவின் ரத்தச் சொட்டு காத்திருந்தது. குல்போஷா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவில், அங்கங்கே, ஊதா நிறத்தில் பெரிய பெரிய ஆசாமிகள்.

"அந்த ஊதாப் பொட்டு இருக்கறதெல்லாம் வெள்ளை அணுக்கள். உங்க காவல்காரங்க. கிருமி நுழைஞ்சா வாசம் புடிச்சு ஓடிப்போய் அதை முழுங்கணும். முழுங்கி முடிச்சதும் அடங்கணும். அப்புறம்தான் புதுச் சதை வளரும்."

"நல்லா கொழுகொழுன்னுதானே இருக்காங்க!"

"இருந்து என்ன பண்ண? சர்க்கரைத் தண்ணியில ஊறிக் கெடக்காங்க. இவ்வளவு சர்க்கரையில அவங்க நடை தளந்து போகும். கிருமி எந்தப் பக்கம்னு வாசம் புரியாது. போய்ச் சேந்தாலும் அரைகுறையாத்தான் முழுங்குவாங்க. ஆனா சத்தம் மட்டும் கொறையாது. இன்னும் ஆள அனுப்பு, இன்னும் ஆள அனுப்புன்னு கத்திக்கிட்டே இருப்பாங்க. அந்தக் கத்தல்தான் இந்த வீக்கம், சிவப்பு, சூடு எல்லாம். அடங்க வேண்டிய நேரத்துல அடங்காம, பக்கத்துல இருக்கற நல்ல சதையையும் சேத்து நாசம் பண்றாங்க."

குல்போஷா கண்ணை எடுக்காமல் யோசித்தாள். "புரிஞ்சுது. கல்யாண வேலைக்குன்னு கூப்பிட்ட ஆளுங்க. வந்தவன் ஒருத்தனும் அடுப்பு மூட்டல, அரிசி களையல. இனிப்பத் தின்னுட்டு, கூச்சல் போட்டுக்கிட்டு, பாத்திரத்தை ஒடச்சுக்கிட்டு, வீட்டுக்கும் போகாம நிக்கறானுங்க."

"நான் காலேஜ்ல ஆறு வருஷம் படிச்சது இவ்வளவுதான் அக்கா," என்றாள் ஸதோகத்.

அன்றிலிருந்து இன்சுலின், மாத்திரை, ஒன்றுவிட்ட ஒருநாள் கட்டு மாற்றுவது. குல்போஷா சொன்னதையெல்லாம் செய்தாள். ஊசிக்கு முகம் சுளிக்கவில்லை. காலைத் தரையில் வைக்கவில்லை. ஆனால் சர்க்கரை இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. பதினாறு. பதினெட்டு. பதினைந்து. மறுபடி பதினெட்டு. ஸதோகத் இன்சுலின் அளவைக் கூட்டினாள். மருந்துப் புட்டி கெட்டுவிட்டதோ என்று வேறு புட்டி கொடுத்தாள். குளிர்ப்பெட்டி ஓடவில்லையோ என்று விசாரித்தாள். கருவியே பொய் சொல்கிறதோ என்று தன் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டாள். பத்தாம் நாள் பார்த்தபோது தோலின் சிவப்பு, பேனாக்கோட்டைத் தாண்டி, கணுவைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"வியாழக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இறங்கலைன்னா ஊர்கெஞ்ச்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸதோகத் குல்போஷா வீட்டுக்கே கிளம்பி வந்தாள். வீட்டில் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். வந்ததும் போலீஸ்காரி மாதிரி சமையலறையை ஒரு சுற்று சுற்றினாள். அரிசி, சோயிக்கீரை போட்ட பச்சை நூடுல்ஸ், தயிர். சர்க்கரை டப்பா காலி, அதுவும் தூசி படிந்து. ஒரு குற்றமும் இல்லை. தோற்றுப்போய் முற்றத்துக்கு வந்து மரக்கட்டிலில் உட்கார்ந்தாள். மத்யாக்கூப் தேநீர் கொண்டு வந்தார். அவள் கொண்டு வந்த துணி முடிச்சை அவிழ்த்து, ரொட்டியைப் பிட்டு விரிப்பில் வைத்தார். அப்புறம் சுத்தியலை எடுத்தார். டக். டக். தேன் நிறத்தில் ஒரு பெரிய துண்டு குல்போஷாவின் கிண்ணத்தில் விழுந்தது.

"என்ன அது?" என்றாள் ஸதோகத்.

"நீ கொண்டாந்ததும்மா," என்றார் மத்யாக்கூப்.

ஸதோகத் அவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்தாள். அவளுடைய துணிதான். காலையில் அவள் கையே முடிந்தது. நோயாளி வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வழியில் கடை ஓரம் வண்டியை நிறுத்தி, இருந்ததிலேயே நல்ல கட்டியாகப் பொறுக்கி எடுத்ததும் அவள்தான். ஆறு வருஷம் படித்த தலை ஒரு பக்கம் போக, பழகிய கை இன்னொரு பக்கம் போயிருந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "இந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம்?"

"இது ஏழாவது. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, இன்னும் வருவாங்க."

டாக்டர் ஸதோகத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணீர் வழிய, கட்டிலிலேயே சாய்ந்துவிட்டாள். நடுவில் அது சிரிப்பா அழுகையா என்று குல்போஷாவுக்கே சந்தேகம் வந்தது.

"கற்கண்டு சர்க்கரைதான் அக்கா! சர்க்கரையேதான்! காய்ச்சி நூல்ல கட்டி வச்சா அது மருந்தாயிடுமா? நான் ஊசியில எறக்கறதை ஊரே சேந்து கிண்ணத்துல ஏத்துது! அதுல நானும் ஒரு கட்டி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன் பாருங்க, என்னைச் செருப்பாலயே அடிக்கணும்!"

மத்யாக்கூப்பின் கையிலிருந்த சுத்தியல் மெல்லத் தரைக்கு இறங்கியது. "நாந்தான் பெரிய துண்டாப் பாத்துப் போட்டேன்," என்றார். கடந்த ஒரு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது.

"நீங்க போட்டதை நாந்தானே குடிச்சேன்," என்றாள் குல்போஷா. "என்னமோ விஷம் வச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க. எழுந்து போய் அந்தச் சுத்தியலை எங்கயாவது ஒளிச்சு வைங்க."

"இனிமே யார் வந்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் ஸதோகத்.

"வேண்டாம்னா? வீடு தேடி வந்தவங்க கிட்டயா?" குல்போஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏம்மா, நீ இந்த ஊர்ல பொறந்தவதானே? அதுக்கு நான் விரலையே குடுத்துடுவேன்."

விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் அது நிஜம்தான் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தடாலென்று திறந்தது. ஜுமாகுல் வந்தாள். ஒரு கையில் ரொட்டி, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்கிற தினுசில் ஒரு பெரிய முடிச்சு.

"ஒண்ணரைக் கிலோ!" என்று வாசலிலிருந்தே அறிவித்தாள். "பஜாருலயே இதைவிடப் பெருசு கெடையாது. தேடிப் பாத்துக்கோ. சம்பந்தி வீட்டுக்காரி சும்மா வந்தான்னு எவளும் சொல்லக் கூடாது பாரு. அண்ணே, சுத்தியல் எங்க?"

ஸதோகத் குல்போஷாவைப் பார்த்தாள். மத்யாக்கூப் குல்போஷாவைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டிய பெண்ணுக்கு மூச்சு இழுத்துவிடுகிற நேரம் போதாதா?

"ஒடைக்கக் கூடாது ஜுமாகுல். நேர்ச்சை வச்சிருக்கேன்."

"நேர்ச்சையா? எப்போ?"

"இப்பத்தான், மனசுக்குள்ள. என் விரல் ஆறுற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு கற்கண்டும் ஒடையக் கூடாது. வந்ததெல்லாம் நூலோட அப்படியே தாழ்வாரத்துல தொங்கணும். ஹம்தாம் கல்யாணத்துல நான் லஸ்கி ஆடி முடிச்சதும் மொத்தத்தையும் ஒண்ணா ஒடைச்சு ஊருக்கே குடுக்கணும். யார் கொண்டாந்தாங்களோ அவங்க கையாலயே கட்டணும். அப்பத்தான் பலிக்கும்."

ஜுமாகுல் கண்ணைச் சுருக்கி அவளையும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேள்வி நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் நேர்ச்சையைக் கேள்வி கேட்பது யாருக்கும் நல்லதில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, தாழ்வாரத்து உத்திரத்தின் சரி நடுவில் தன் ஒன்றரைக் கிலோவைக் கட்டினாள்.

"எல்லாரும் பாக்கற எடம்," என்றாள் இறங்கி. "இதுக்குப் பக்கத்துல சின்னது எதையும் கட்டாத."

வியாழக்கிழமை வந்தது. ஸதோகத் கட்டை அவிழ்க்கும்போது மத்யாக்கூப் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சர்க்கரை பதினொன்று. சிவப்பு கணுவைத் தாண்டவில்லை. கோட்டுக்குத் திரும்பியும் வரவில்லை. நின்ற இடத்தில் நின்றது.

"ஊர்கெஞ்ச்?" என்றாள் குல்போஷா.

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்," என்றாள் ஸதோகத்.

அந்த ஒரு வாரத்தில் நேர்ச்சைச் செய்தி இரண்டு மாவட்டம் தாண்டியது. முன்பு வராதவர்களும் வந்தார்கள். எல்லாருடைய கட்டியும் தொங்கும்போது நம் வீட்டுக் கட்டி தொங்காவிட்டால் எப்படி? மாலை வெயில் சாய்வாக விழும்போது தாழ்வாரம் முழுக்க மஞ்சள் ஒளி சிதறும். எறும்புகளுக்குத் திருவிழா. மத்யாக்கூப் முக்காலியும் தண்ணீர்க் கிண்ணமுமாக அவற்றோடு போராடினார். வந்தவர்கள் கற்கண்டுத் தேநீர் இல்லாததால் சீக்கிரமே எழுந்து போனார்கள். முற்றத்தில் முதல்முறையாக மத்தியானத் தூக்கம் தூங்க முடிந்தது. கூப்பிட்ட ஆட்கள் வேலையை முடித்துக் கிளம்பினால் வீடு எப்படி இருக்கும் என்று குல்போஷா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பத்து. ஒன்பது. எட்டு. சிவப்பு கோட்டுக்குத் திரும்பியது. கோட்டுக்கு உள்ளே போனது. அக்டோபர் முதல் வாரத்தில் வாடை நின்றது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. மத்யாக்கூப் தினமும் தீக்குச்சியை வைத்துப் புண்ணின் அகலத்தை அளந்து, குச்சியை அந்த அளவுக்கு உடைத்து ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குட்டை.

"நம்ம ஊதாப் பசங்க எழுந்துட்டாங்களா?" என்று ஒருநாள் குல்போஷா ஸதோகத்திடம் கேட்டாள்.

"எழுந்துட்டாங்க. வந்தாங்க, முழுங்கினாங்க, கெளம்பிட்டாங்க. இப்ப கட்டட வேலைக்காரங்கதான் இருக்காங்க."

"அவங்களுக்கும் கற்கண்டு குடுத்துடாத."

ஸதோகத்துக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வீட்டுத் தாழ்வாரத்தில் இத்தனை கட்டி என்றால், ஊரில் எத்தனை கிண்ணம்? கட்டு மாற்ற வந்த நாட்களில், கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்களின் விரலையும் சும்மா குத்திப் பார்த்தாள். பலர் சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். நாலு பேர் சிரிப்பதை நிறுத்தினார்கள். நாலாவது ஆள் ஜுமாகுல்.

"பன்னெண்டா? இருக்கவே இருக்காது. உன் மெஷினு அவ பக்கம்," என்று குல்போஷாவைக் காட்டிச் சத்தம் போட்டாள்.

"எனக்கு எட்டு, உனக்குப் பன்னெண்டு," என்றாள் குல்போஷா, பூரித்துப்போய். "இருபத்தெட்டு வருஷத்துல இதுலயாவது நீ என்னை முந்தினியே. போய் மாத்திரையை வாங்கு. நான் சம்பந்தி இல்லாம கல்யாணம் பண்ண மாட்டேன்."

ஜுமாகுல் திட்டிக்கொண்டே போனாள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நின்றாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தீக்குச்சியில் அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. புண் மூடிவிட்டது. ஸதோகத் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தாள். குல்போஷா ஒற்றைக்காலில் நின்றாள், ஆடியே தீருவேன் என்று. கடைசியில் ஒப்பந்தம் ஆனது: நாலு நிமிஷம், ஒரு நொடி கூடக் கூடாது, மெத்தென்ற கம்பளி பூட்ஸ், முக்கால்வாசி உட்கார்ந்து, கடைசியில் மட்டும் எழுந்து. சிவப்பு ஷூவை மத்யாக்கூப் யாருக்கும் சொல்லாமல் அடுப்பில் போட்டிருந்தார்.

கல்யாணத்தன்று பிற்பகல், பெண்கள் முற்றத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. தாழ்வாரத்தில் அறுபத்து நாலு கற்கண்டுகள். ஜுமாகுல் அக்கார்டியனை விரித்தாள். அவள் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற நாள். வேறு யாராவது வாசிக்கட்டும் என்று சொன்னவர்களை அவள் பார்த்த பார்வையில் அவர்கள் பின்வாங்கியிருந்தார்கள்.

லஸ்கி விரலில்தான் தொடங்கும். முதலில் ஒரு விரல் நடுங்கும், அப்புறம் கை, அப்புறம் மணிக்கட்டு, தோள், கடைசியில் உடம்பு முழுக்கத் தீப் பிடித்துக்கொள்ளும். எல்லாரும் குல்போஷாவின் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் நாற்காலியில் அமர்ந்து, இடது காலை மெல்ல நீட்டினாள். கை அசையவில்லை. கம்பளி பூட்ஸின் முனை நடுங்கியது. உள்ளே கட்டைவிரல். ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவில் ஆண்கள் பந்தியிலிருந்து எழுந்துவிட்டார்கள். அந்த நடுக்கம் முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, தோளைத் தொட்டு, கைவிரலில் போய் முடிந்தபோது அவள் எழுந்து நின்றாள். மகனையும் மருமகளையும் சுற்றி ஆடினாள். ஆறு வாரமாக உள்ளே அடைத்து வைத்த சந்தோஷம் எல்லாம் வெளியே வந்தது. சுவர் ஓரம் ஸதோகத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தரை நிமிஷம் ஆனது. நிறுத்தச் சொல்லி அவள் கையைத் தூக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் மத்யாக்கூப் சுத்தியலோடு வந்தார். ஒளித்து வைத்த இடத்தை அவரைத் தவிர யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. ஒவ்வொரு கட்டியாக அறுத்து இறக்கி உடைத்தார். முற்றம் முழுக்க டக் டக் என்று சத்தம், கிண்ணங்களின் சத்தம், தேநீர் ஆவி. நேர்ச்சை நிறைவேறியது.

பிறகு வாய் இனிக்கச் செய்கிற சடங்கு. பெண்ணின் தாய், மாப்பிள்ளையின் தாயின் வாயில் தன் கையால் ஒரு துண்டு கற்கண்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சம்பந்தம் காலத்துக்கும் கசக்கும் என்பார்கள். இந்தச் சடங்குக்கு முந்நூறு வீட்டில் பாடியவள், தன் முறை வரும் என்று ஏனோ நினைத்துப் பார்க்கவில்லை. ஜுமாகுல் துணி மூடிய தட்டோடு எதிரே வந்து நின்றாள். இருநூறு பேர் பார்த்தார்கள். ஒரு துண்டுதானே, என்று குல்போஷா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு துண்டில் ஊதாப் பசங்க ஒன்றும் மயங்கிவிட மாட்டார்கள். ஸதோகத் இருக்கும் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கடித்தாள். நறுக்கென்றது. இனிக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். ஜுமாகுலின் கையில் கடிபட்ட பச்சை முள்ளங்கித் துண்டு. துணி விலகிய தட்டில் உப்புத் தூவிய முள்ளங்கி வில்லைகள், பூமாதிரி அடுக்கி வைத்திருந்தன.

"என்ன முழிக்கற?" என்றாள் ஜுமாகுல். "உன் வாயில எதை வைக்கறதுன்னு மூணு நாளா தெருவே கூடிப் பேசினோம். வெள்ளரிக்கான்னு சிலபேரு, ஆப்பிள்னு சிலபேரு. டாக்டரம்மாவைக் கேட்டுத்தான் முடிவு பண்ணோம். கற்கண்டு கொண்டாந்த அறுபத்து நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணு நறுக்கியிருக்கோம். எண்ணிப் பாத்துக்கோ."

குல்போஷா கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் கற்கண்டை முடிந்துகொண்டு வந்த முகங்கள்தான். எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாரையும் அழ வைத்துச் சம்பாதித்தவளுக்கு, யார் வீட்டுக் கல்யாணத்திலும் வராத கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"முள்ளங்கி காரம்," என்றாள், தலைத்துணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. ஜுமாகுலின் கையிலிருந்த மீதித் துண்டைப் பிடுங்கி அவள் வாயில் திணித்தாள். "பன்னெண்டு! நீயும் தின்னு."

ஜுமாகுல் மென்றாள். அவள் கண்ணும் கலங்கியது. "ஆமா, ரொம்பக் காரம்," என்றாள்.

தட்டில் மிச்சமிருந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துத் தின்றவர்கள் எல்லாரும் பிறகு ஒன்றைச் சொன்னார்கள். அந்த முள்ளங்கியில் காரமே இல்லையாம்.